கழுத்து நாளம் அடைபட்ட பிறகு

கழுத்தின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பு தெரியும். மூளையின் முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் அவை. அவற்றில் ஒன்று முழுதும் அடைபட்டுவிட்டது என்று ஸ்கேன் காட்டினால் குடும்பமே பதறிப்போகும். ஆனால் அந்த ஸ்கேனுக்குத் தன் காலால் நடந்து வந்து, மருத்துவர் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னவர்களும் உண்டு. இன்னொருவருக்கு அதே பக்கத்தில், அதே அடைப்பு ஒரே இரவில் கையையும் பேச்சையும் பறித்துவிடுகிறது. அடைப்பு ஒன்றாக இருக்க, விளைவு ஏன் இப்படி வேறுபடுகிறது? அடைபட்ட நாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. அடைபடாமல் மிஞ்சியிருக்கும் நாளங்கள் புதுச் சுமையைத் தாங்கத் தம்மை எப்படி மாற்றிக்கொள்கின்றன என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அந்த மாற்றத்தில் இரத்த ஓட்டத்துக்குப் பங்கு உண்டு என்பது பலருக்கும் தெரியும். தன்னியக்க நரம்புகளில் ஒரு வகையான, நாளங்களின் மேல் படர்ந்து கிடக்கும் பரிவு நரம்புகளுக்கும் பங்கு உண்டு என்பது அதிகம் பேசப்படுவதில்லை. நோயாளி தன் உடலைக் காத்துக்கொள்ளும் முறையையே இந்த அறிவு தெளிவாக்கும் என்பதால் அதைப் பேச வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் ரஹாங்கிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களிலும் வாழும் தமிழர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் எனும் நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாடு முழுதும் பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் வெட்டி, பால் வாளி சுமந்து, மைல் கணக்கில் நடந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று வீடமைப்புப் பகுதிகளில் குடியிருந்து, தொழிற்சாலை ஷிப்டிலும் கணினி முன்னும் வேலை செய்கிறார்கள். உழைப்பு மாறியது, தட்டில் சோற்றின் அளவும் தேநீரில் சர்க்கரையின் அளவும் பெரிதாக மாறவில்லை. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் கழுத்து நாளங்களிலும் மூளை நாளங்களிலும் கொழுப்புப் படிவை வளர்க்கின்றன. ஆகவே பக்கவாதம் என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்தில் பல வீடுகள் அறிந்தே இருக்கின்றன. நாளங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இன்னும் அந்த வீடுகளை எட்டவில்லை.

மூளையின் எடை உடல் எடையில் 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்க அதனால் இயலாது. இரத்தம் நின்றால் சில நிமிடங்களில் செல்கள் மடியத் தொடங்கும். இவ்வளவு பலவீனமான உறுப்புக்கு உடல் ஒரு மாற்று வழியை வைத்திருக்கிறது. முன்புறத்துக் கரோட்டிட் தமனிகள் இரண்டும், பின்கழுத்து எலும்புகளின் ஊடே ஏறி வரும் வெர்டிப்ரல் தமனிகள் இரண்டும் மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். அந்த நூலின் படங்களை வரைந்தவர்களில் ஒருவர் பின்னாளில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். வேறு நோயால் இறந்த ஒருவரின் உடலை வில்லிஸ் அறுத்துப் பார்த்தபோது வலது கரோட்டிட் முற்றாக அடைபட்டிருந்தது. ஆனால் அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. அதே பக்கத்து வெர்டிப்ரல் தமனி மறுபக்கத்ததைவிட மூன்று மடங்கு பெருத்திருந்ததை வில்லிஸ் குறித்து வைத்தார். ஒரு நாளம் மூடியதும் இன்னொரு நாளம் வளர்ந்து அதன் வேலையை ஏற்றுக்கொண்டது என்பதற்கு நாம் அறிந்த பழைய சாட்சிகளில் ஒன்று அது.

வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை. பலருக்கு அதில் ஓர் இணைப்பு மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. விளைவு வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்தான். ஆனால் இது மட்டும் காரணமல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கரோட்டிட் முற்றாக அடைபட்டு, அதனால் அறிகுறிகளும் வந்த 81 பேரை ஆராய்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 39 பேரின் மூளை, குறைந்துபோன இரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட அதிகப் பங்கு ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதாவது மாற்று வழிகள் போதவில்லை. மற்ற 42 பேருக்கு அந்த நெருக்கடி இல்லை. பின்தொடர்ந்து பார்த்த காலத்தில் முதல் குழுவில் 12 பேருக்குப் பக்கவாதம் வந்தது, இரண்டாவது குழுவில் 3 பேருக்கு மட்டும். எல்லோருக்கும் இருந்தது ஒரே அடைப்பு. தலைவிதியைப் பிரித்தது மிச்சமிருந்த நாளங்களின் திறன்.

அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய நாளத்தின் சுவரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். உள்பக்கம் ஒற்றைச் செல் அளவே தடித்த மெல்லிய படலம். அதை எண்டோதீலியம் என்பார்கள். நடுவில் தசை அடுக்கு. வெளியே இணைப்புத் திசு. இரத்தம் வேகமாக ஓடும்போது உள்படலத்தை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலை உணரும் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தசையைத் தளர்த்துகின்றன. உரசல் வாரக்கணக்கில் நீடித்தால் சுவரின் கட்டமைப்பே மாறி, நாளம் நிரந்தரமாக அகலமாகிறது. எலிகளின் இரு கரோட்டிட் தமனிகளையும் கட்டிவிட்டால், மூளைத்தண்டின் மேல் ஓடும் பேசிலார் தமனி பெருத்து, நீண்டு, வளைந்து நெளிகிறது. ஓட்டம் குறைந்தால் நடப்பது இதற்கு எதிர்மாறு. முயலின் கழுத்து நாளத்தில் ஓட்டத்தைக் குறைத்தால் அந்த நாளம் சுருங்கி அமைந்துவிடுகிறது. உள்படலத்தை நீக்கிவிட்டால் அந்தச் சுருக்கம் நடப்பதில்லை. லாங்கில், ஓடோனல் இருவரும் இதை 1986இல் காட்டினார்கள். ஆகவே நாளம் எவ்வளவு அகலமாக வேண்டும் என்ற செய்தி உள்ளிருந்து, ஓட்டத்திலிருந்து வருகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே சுவருக்கு வெளியிலிருந்தும் ஒரு செய்தி வந்துகொண்டிருக்கிறது. தாடை எலும்பின் கோணத்துக்குப் பின்னால், கழுத்தின் மேற்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு நரம்பு முடிச்சு உண்டு. அதிலிருந்து கிளம்பும் பரிவு நரம்பு இழைகள் கரோட்டிட் தமனியைப் பற்றிக்கொண்டே மண்டை ஓட்டுக்குள் நுழைந்து, மூளையின் மேற்பரப்பில் ஓடும் நாளங்களின் மீது வலைபோல் படர்கின்றன. நாளம் மூளைத் திசுவுக்குள் இறங்கும் இடத்தோடு அந்த வலை பெரும்பாலும் முடிந்துவிடும். 1962இல் ஃபால்க், ஹில்லார்ப் என்ற சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள், உலர்த்திய திசுவை ஃபார்மால்டிஹைடு ஆவியில் காட்டினால் நரம்பிலுள்ள நோரட்ரினலின் என்ற சுரப்புப் பொருள் ஒளிரும் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு இந்த இழைகளை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இழை நெடுகிலும் சிறு சிறு புடைப்புகள். ஒவ்வொன்றிலும் சுரப்பதற்கு ஆயத்தமாக நோரட்ரினலின், அதோடு நியூரோபெப்டைடு ஒய் என்ற இன்னொரு பொருள். இந்த நரம்பும் நாளமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை நோயாளியின் முகமே சில வேளைகளில் காட்டிவிடும். கரோட்டிட் தமனியின் சுவர் கிழிந்து இரத்தம் உள்ளே புகுந்து வீங்கினால், அந்தப் பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தாழ்ந்து, கண்மணி சிறுத்துவிடும். கண்ணுக்குப் போகும் இழைகளும் அந்தச் சுவரை ஒட்டியே போவதால் அவை நசுங்குகின்றன.

பரிவு நரம்பு நாளத்தைச் சுருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்தது. 1850களின் தொடக்கத்தில் குளோத் பெர்னார் முயலின் கழுத்தில் அந்த நரம்பை வெட்டியபோது அந்தப் பக்கத்துக் காது சூடேறிச் சிவந்தது. பிரௌன்-செக்கார் அதே நரம்பைத் தூண்டியபோது காது வெளுத்தது. அந்த நொடிநேர வேலையோடு நிற்காமல் நரம்பு இன்னொரு நீண்டகால வேலையும் செய்கிறது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் தெளிவானது. வளரும் முயலின் காது நாளத்திலிருந்து பரிவு நரம்பை நீக்கினால் சுவரின் தசைச் செல்கள் பெருகுவது குறைகிறது என்று ரோஸ்மேரி பெவன் 1975இல் காட்டினார். அயோவா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹைஸ்டாட் குழுவினர், இரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் பரம்பரையாக வரும் எலி வகையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்து நரம்பு முடிச்சை மட்டும் இளவயதிலேயே அகற்றினார்கள். மறுபக்கம் அதே எலியில், அதே இரத்தத்தில், அதே அழுத்தத்தில் இருந்தது. இதைவிட நேர்மையான ஒப்பீடு அமைவது கடினம். நரம்பு இழந்த பக்கத்து நாளச் சுவர்கள் போதிய அளவு தடிக்கவில்லை. 1981இல் வெளியான முடிவின்படி மூளைப் பாதிப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே வந்தது. இதைத் தோட்டத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். பால் மரத்தில் வெட்டிய இடத்தில் பட்டை மறுபடி வளர்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. அடுத்த வெட்டைத் தாங்கும் தடிப்போடு வளர்கிறதா என்பதே கேள்வி. நாளத்துக்கும் அப்படித்தான். அகலம் ஓட்டத்தால் வருகிறது. அந்த அகலத்தைத் தாங்கும் சுவர் அமைவதில் நரம்புக்குக் கை இருக்கிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். நலமான மூளையில் பரிவு நரம்பைத் தூண்டினாலும் இரத்த ஓட்டம் பெரிதாக மாறுவதில்லையே. மூளை தன் ஓட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் என்பதுதானே பாடம்? உண்மைதான். ஆனால் அந்தச் சீராக்கத்துக்கு எல்லை உண்டு. இரத்த அழுத்தம் அந்த எல்லையைத் தாண்டி எகிறும்போது, பரிவு நரம்பு பெரிய நாளங்களை இறுக்கி, வெள்ளம் சிறு நாளங்களுக்குள் பாய்ந்துவிடாமல் தடுக்கிறது என்று 1970களிலிருந்து நடந்த விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரோட்டிட் அடைபட்ட பிறகு மிச்சமிருக்கும் நாளங்களின் நிலைமை இதற்கு நெருக்கமானது. நலமான மூளையில் ஒதுங்கி நிற்கும் நரம்பு, நெருக்கடியில் இருக்கும் மூளையிலும் ஒதுங்கியே நிற்கும் என்று எண்ண இடமில்லை. மேலும், ஒரு நிமிடத்தில் ஓட்டத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பது ஓர் அளவு. மாதக்கணக்கில் சுவரை எப்படி வளர்க்கிறது என்பது வேறோர் அளவு. முன்னதில் சிறியது பின்னதிலும் சிறியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும். நரம்பு நாளத்தைச் சுருக்குகிறது என்றால், அடைப்பு வந்த நேரத்தில் அதை முடக்கிவிட்டால் நாளங்கள் விரிந்து இரத்தம் தாராளமாகப் பாயுமே? கேட்க இதமான யோசனை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பக்கவாத நோயாளிகளுக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள நரம்பு முடிச்சில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அது வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. விரிவது மட்டுமே நன்மை என்று கருதியதில்தான் பிழை இருக்கிறது. ஜப்பானில் நோபுவோ ஹாஷிமோட்டோவும் அவர் குழுவினரும் 1978இல் எலிகளின் கரோட்டிட்டைக் கட்டி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, இணைப்புத் திசுவைப் பலவீனப்படுத்தும் பொருளையும் கொடுத்தபோது, அதிக இரத்தம் சுமந்த நாளங்களில் பலூன்போன்ற வீக்கங்கள் உண்டாயின. சுமை கூடி, சுவர் தளர்ந்தால் நாளம் வெடிக்கும் அபாயம் வருகிறது. மறுபுறம், சுண்டெலிகளின் பின்னங்காலில் நாளத்தைக் கட்டி ஆராய்ந்து வட கரோலினாவில் 2005இல் வெளியிட்ட முடிவு, நோரட்ரினலின் குடும்பத்துப் பொருள்கள் மாற்று நாளங்கள் வளர உதவுகின்றன என்கிறது. பரிவு நரம்பை நண்பன் என்றோ பகைவன் என்றோ ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது. அளவோடு இருந்தால் சுவரைக் கட்டுகிறது; ஓயாமல் முறுக்கேறிக் கிடந்தால் இரத்தக் கொதிப்பை வளர்த்து, சிறு நாளங்களின் உள்விட்டத்தைக் குறுக்கி, தேவைப்படும் நேரத்தில் விரியவிடாமல் செய்கிறது.

எலியும் முயலும் மனிதரல்லவே என்பது மூன்றாவது மறுப்பு, மூன்றிலும் கனமானது. எலியின் நாளத்தை நூலால் ஒரே நாளில் கட்டுகிறார்கள். மனிதருக்குப் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்து அடைகிறது. எலி இளையது, நோயாளி அறுபதைத் தாண்டியவர். ஆகவே இந்த ஆய்வுகளிலிருந்து நேராக ஒரு மருந்தையோ ஊசியையோ எடுத்துக்கொடுக்க முடியாது, அப்படி யாராவது விற்றால் வாங்கவும் கூடாது. ஆனால் நாளச் சுவர் உயிருள்ள திசு, அது உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் செய்தி பெற்றுத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற அடிப்படை மனிதருக்கும் பொருந்தும். அடைப்பைச் சுற்றிப் புதுவழி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை மனிதர்களிடம் நடந்த சோதனையே அசைத்திருக்கிறது. மாற்று வழி போதாத 195 நோயாளிகளைச் சேர்த்து, தலைத்தோலின் நாளத்தை மூளை நாளத்தோடு இணைக்கும் அறுவை சிகிச்சையைச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகளில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 21.0 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 22.7 விழுக்காடு என்று பாதிப்பு ஏறக்குறைய சமமாக இருந்தது. இணைப்பு வேலை செய்தது, இரத்தமும் பாய்ந்தது. ஆனால் அறுவைக்குப் பிந்திய முதல் 30 நாட்களில் வந்த பக்கவாதங்கள் அந்த ஆதாயத்தை விழுங்கிவிட்டன. மருந்தோடு இருந்தவர்களோ எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தார்கள். நாள்தோறும் மாத்திரை போட்டு, அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைத்திருப்பது சிறிய வேலை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது இனிப்பு நீருக்குத் திரும்பினால் நம் சமூகத்தின் ஆபத்து முழு அளவில் தெரியும். நாளச் சுவருக்கு உள்ளிருந்து செய்தி தருவது எண்டோதீலியம். நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை அதைக் கெடுத்து, நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைக் குறைக்கிறது. வெளியிலிருந்து செய்தி தருவது பரிவு நரம்பு உள்ளிட்ட தன்னியக்க நரம்புகள். அதே சர்க்கரை ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றையும் சிதைக்கிறது. எழுந்து நின்றதும் தலை சுற்றுவது, காரணமின்றி இதயம் படபடப்பது எல்லாம் அந்தச் சிதைவின் அறிகுறிகளாக இருக்கலாம். கழுத்து நாளம் அடைபடும் நாளில் உதவிக்கு வரவேண்டிய இரண்டையும் அந்த நாளுக்கு முன்பே இழந்துவிட்டவராக நோயாளி நிற்கிறார். புகை பிடித்தால், நிகோட்டின் பரிவு நரம்பை முடுக்கிவிடுகிறது, புகை உள்படலத்தைப் புண்ணாக்குகிறது. இரவில் உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று நின்று வருபவருக்கு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பரிவு நரம்பு பதறி எழுந்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. இவை தனித்தனி நோய்களாகத் தோன்றினாலும் ஒரே நாளச் சுவரில் வந்து சேர்கின்றன.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ இருப்பவர் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் கிடைக்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, வேகமாகக் குறைய வேண்டுமென்று தானாகக் கூட்டவும் கூடாது. கரோட்டிட் அடைபட்டவருக்கு அழுத்தம் திடீரெனச் சரிந்தால் மாற்று நாளங்கள் வழியாக வரும் இரத்தமும் குறைந்துபோகும். எவ்வளவு குறைக்கலாம், எவ்வளவு மெதுவாகக் குறைக்கலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கண்ணின் மேல் திரை இறங்கியதுபோல் பார்வை மங்கிச் சில நிமிடங்களில் திரும்பினாலும், வாய் கோணி உடனே சரியானாலும், பேச்சு குழறித் தெளிந்தாலும் அதைச் சோர்வு என்று விட்டுவிடாமல் 999ஐ அழைக்க வேண்டும். ரஹாங் மக்களுக்குச் சிரம்பானிலேயே துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை இருக்கிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், மறுநாள் காலைவரை காத்திருப்பது கிடைத்த வாய்ப்பைக் கைவிடுவதாகும். அடைப்பு இருப்பது உறுதியானால், எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு நிறுத்தாமல், மற்ற நாளங்கள் எந்த நிலையில் உள்ளன, அவற்றைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அடைபட்டதைத் திறப்பது சிலருக்கு இயலும், பலருக்கு இயலாது. திறந்திருக்கும் நாளங்களின் சுவரையும் அவற்றைப் பேணும் நரம்பையும் காப்பது எல்லோருக்கும் இயலும். அதை அடைப்பு வருமுன்பே தொடங்கியவருக்குத்தான் பலன் முழுதாகக் கிடைக்கும்.